இரண்டு பணிசெயல் முறைமை என்றால் இரண்டு மடங்கு நினைவகமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த மாதம் ஒரு மாலைப்பொழுதில், எமது ஒழுங்கையில் வசிக்கும் தாயொருவர் கையில் சிறு கடதாசித் துண்டொன்றுடன் என் வீட்டுக்கு வந்தார். அவருடைய மகன் க.பொ.த. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பத்தை ஒரு பாடமாகப் படிக்கிறான். அவனுடைய பழைய மடிகணினியில் விண்டோஸ் 10, உபுண்டு லினக்ஸ் ஆகிய இரண்டு பணிசெயல் முறைமைகள் இருக்கின்றன. கணினி ஊர்ந்து ஊர்ந்து வேலை செய்கிறது என்று திருகோணமலை நகரத்துக் கடையொன்றில் காட்டியபோது எழுதிக் கொடுத்த துண்டுதான் அது. ‘விண்டோஸ் 8, லினக்ஸ் 8, மொத்தம் 16’ என்று கறுப்பு மையில் எழுதி, அடியில் ஒரு தொகையும் போட்டிருந்தார்கள். அந்த எண்கள், றாம் எனப்படும் நினைவகம் ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஜிபி வேண்டும் என்ற கணக்கு. “சேர், ரெண்டுக்கும் தனித்தனியா றாம் போடணும் என்டு கடையில சொல்றாங்க, உண்மையா?” என்று அவர் கேட்டார். அந்தத் தொகை அவருடைய வீட்டில் இலகுவாகப் புரளும் காசு அல்ல என்பது எனக்குத் தெரியும். இதே கணக்கை வேறு இருவரிடமும் நான் கேள்விப்பட்டிருப்பதால், மாணவர் பக்கத்தைப் பெற்றோரும் விரும்பி வாசிக்கும் தங்கள் பத்திரிகையில் இதனை எழுதுவது பயன் தரும் என்று எண்ணுகிறேன்.

ஒரே கணினியில் இரண்டு பணிசெயல் முறைமைகளை நிறுவி, மின்விசையை அழுத்தியதும் தோன்றும் பட்டியலில் ஒன்றைத் தெரிவுசெய்து தொடங்கும் அமைப்பில், ஒரு நேரத்தில் ஒரு முறைமையே இயங்குகிறது. மற்றது அப்போது வன்தட்டில் வெறும் கோப்புகளாகத் தூங்கிக்கொண்டிருக்கிறது. அதற்கு நினைவகத்தில் ஒரு பைட்டு இடமும் தேவையில்லை. காலையில் பாடசாலையும் மாலையில் தனியார் வகுப்பும் நடக்கும் மண்டபத்துக்கு எவரும் இரண்டு மடங்கு கதிரை வாங்குவதில்லை அல்லவா? காலையில் வருகிறவர்களுக்கும் எல்லாக் கதிரையும், மாலையில் வருகிறவர்களுக்கும் எல்லாக் கதிரையும். இரு சாராரும் தத்தம் புத்தகங்களை வைத்துப் பூட்டும் அலுமாரிதான் பாதிபாதியாகப் பிரிபடுகிறது. கணினியில் அந்த அலுமாரி வன்தட்டு. லினக்ஸை நிறுவும்போது வன்தட்டைப் பிரிக்கவேண்டியிருப்பதால், நினைவகமும் அவ்வாறே பிரிபடும் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

கடைக்காரரின் கணக்கு சரியாக வரும் இடமும் உண்டு என்பதை நேர்மைக்காகச் சொல்லவேண்டும். விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதற்குள் வேர்ச்சுவல்பொக்ஸ் போன்ற மென்பொருளின் மூலம் லினக்ஸையும் ஓடவிடுகிறவர்களுக்கு, இரண்டும் ஒரே நேரத்தில் மண்டபத்துக்குள் இருக்கின்றன. உள்ளே ஓடும் லினக்ஸுக்கு 4 ஜிபி ஒதுக்கினால் வெளியே விண்டோஸுக்கு அந்த 4 ஜிபி குறையும். விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை இயக்குவதற்காக மைக்ரோசொஃப்ட் தருகின்ற துணை முறைமையின் இரண்டாம் பதிப்பும், நாம் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், மொத்த நினைவகத்தில் பாதி வரை எடுத்துக்கொள்ளும். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் இவ்வாறு செய்தால் 16 ஜிபி கேட்பதில் நியாயம் இருக்கிறது. அந்தத் தாயின் மகன் செய்வது அதுவல்ல. பைதன் பயிற்சி செய்யும்போது உபுண்டுவில் தொடங்குகிறான். வகுப்பு ஆசிரியர் அனுப்பும் கோப்புகளைத் திறக்க விண்டோஸில் தொடங்குகிறான். கடையில் எவரும் அவனிடம் இதைக் கேட்கவில்லை.

இந்த விடயம் இப்போது பெரிதாகத் தெரிவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிந்துவிட்டன. விண்டோஸ் 11 64-பிட் செயலியையும் குறைந்தது 4 ஜிபி நினைவகத்தையும் மாத்திரமன்றி, டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும் கேட்பதால், எமது வீடுகளில் உள்ள பழைய கணினிகள் பலவற்றில் அதனை முறைப்படி நிறுவ முடியாது. எறிய மனமில்லாதவர்கள் இணைய வேலைக்கு லினக்ஸையும், விட முடியாத சில பழைய வேலைகளுக்கு விண்டோஸையும் ஒன்றாக வைத்துக்கொள்கிறார்கள். அவ்வாறான பழைய கணினிகளுக்குத்தான் நினைவகம் கூட்டும் எண்ணமும் வருகிறது.

என் மேசைக்கணினியில் நான் பட்ட பாட்டை இங்கே சற்று விரிவாகச் சொல்லவேண்டும். அதில் விண்டோஸ் 7இன் 32-பிட் பதிப்பை இன்னும் வைத்திருக்கிறேன், இணையத்தோடு தொடுப்பதில்லை. அதற்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது என்று தெரிந்தும் நான் அதை வைத்திருப்பதற்குக் காரணம், என் பழைய அச்சுப்பொறியின் இயக்கி மென்பொருள் 32-பிட் விண்டோஸுக்கு மட்டுமே உள்ளதும், 64-பிட் விண்டோஸ் அதனை ஏற்காததும்தான். பக்கத்தில் 64-பிட் லினக்ஸ் இருக்கிறது. 4 ஜிபி இருந்த அந்தக் கணினிக்கு, பாவித்த 4 ஜிபி நினைவகத் தட்டு ஒன்றை வாங்கி 8 ஆக்கினேன். விண்டோஸைத் தொடங்கிப் பார்த்தால் ‘8.00 ஜிபி, பயன்படுத்தக்கூடியது 3.24 ஜிபி’ என்று காட்டியது. லினக்ஸைத் தொடங்கிப் பார்த்தால் 7.7 ஜிபி. ஒரே பெட்டி, ஒரே தட்டுகள், இரண்டு விடைகள்.

காரணம் எளிய கணக்கு. 32-பிட் முகவரியால் 2இன் 32ஆம் அடுக்கு வரையில்தான், அதாவது 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 296 பைட்டுகளுக்குத்தான், இலக்கம் கொடுக்கலாம். அதுவே 4 ஜிபி. அந்த இலக்கங்களிலும் ஒரு பங்கைத் திரையட்டை முதலான உறுப்புகள் தமக்கென எடுத்துக்கொள்வதால் நினைவகத்துக்கு எஞ்சுவது மூன்றேகாலுக்கு அண்மையில் நின்றுவிடுகிறது. முகவரியை 36 பிட்டாக நீட்டும் உத்தி செயலிகளில் 1995 முதலே இருக்கிறது, 32-பிட் லினக்ஸ் அதனைப் பயன்படுத்தி 64 ஜிபி வரை எட்டவும் கூடும். ஆனால் மைக்ரோசொஃப்ட் தன் 32-பிட் விண்டோஸ் 7க்கு 4 ஜிபி என்று எல்லை வகுத்துவிட்டது. ஆகவே 32-பிட் விண்டோஸுக்காக ஒருவர் 8 ஜிபி வாங்கினால், பாதிக் காசை கோணேசர் மலையடிக் கடலில் போட்டதற்குச் சமம். நான் வாங்கியது லினக்ஸுக்காக என்பதால் எனக்கு அதில் வருத்தம் இருக்கவில்லை.

வருத்தம் வந்தது அதற்குப் பிறகு. லினக்ஸில் உலாவி திடீர் திடீரென்று மூடத் தொடங்கியது. பேரப்பிள்ளைகளின் காணொளிகளை வெளிவன்தட்டுக்கு மாற்றும்போது, அதே கோப்பைப் பிரதிசெய்து மூலத்தோடு ஒப்பிட்டால் ஒருமுறை பொருந்தியது, மறுமுறை பொருந்தவில்லை. விண்டோஸிலோ எந்தக் குறையும் இல்லை. அச்சிட்டது, எழுதியது, மாதக்கணக்காக ஒழுங்காக ஓடியது. நினைவகம் வாங்கிய இடத்தில் சொன்னபோது, “விண்டோஸ் நல்லா ஓடுதே ஐயா, லினக்ஸ் சும்மா கிடைக்கிறதுதானே, அதான் பிழை” என்று சிரித்தார்கள். நானும் ஓரிரு கிழமைகள் அதை நம்பி, லினக்ஸை இரண்டு தடவை புதிதாக நிறுவினேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன்.

பிறகுதான் தொடக்கப் பட்டியலின் அடியில் எப்போதும் கண்ணில் படுகின்ற, எப்போதும் நான் தாண்டிப் போகின்ற ‘மெம்டெஸ்ட்86+’ என்ற வரி நினைவுக்கு வந்தது. எந்தப் பணிசெயல் முறைமையையும் தொடங்காமல், நினைவகத்தின் ஒவ்வோர் இடத்திலும் எழுதி, வாசித்து, எழுதியதே திரும்பி வருகிறதா என்று பார்க்கும் சிறிய இலவச மென்பொருள் அது. இரவு படுக்கப்போகுமுன் அதை ஓடவிட்டேன். காலையில் தேநீர்க் கோப்பையுடன் வந்து பார்த்தபோது நீலத் திரையின் கீழ்ப்பாதி முழுவதும் சிவப்பு வரிகள். ஒவ்வொரு வரியிலும் பிழைத்த இடத்தின் முகவரி. எல்லா முகவரிகளும் 6 ஜிபிக்கு மேலே.

அப்போதுதான் புதிர் அவிழ்ந்தது. 4 ஜிபிக்கு அப்பால் கால் வைக்கவே முடியாத 32-பிட் விண்டோஸ், பழுதான இடத்தை ஒருநாளும் தொட்டதில்லை. லினக்ஸோ, சும்மா கிடக்கும் நினைவகத்தை வீணாக்காமல், வாசித்த கோப்புகளையெல்லாம் அதில் வைத்துக்கொள்ளும் வழக்கமுடையது. பெரிய கோப்புகளைப் பிரதிசெய்தால் சில நிமிடங்களில் மேற்பகுதிவரை போய்விடும். பழுது லினக்ஸில் இருக்கவில்லை, லினக்ஸ் மட்டுமே பழுதைக் கண்டது. இரண்டு முறைமைகள் வைத்திருப்பவருக்கு இதனால் ஒரு நன்மையும் உண்டு: ஒரே நினைவகத்தைப் பற்றி இரண்டு சாட்சிகளை விசாரிக்கலாம். இரண்டு சாட்சியும் இரண்டு விதமாகச் சொன்னால், ஒன்றைப் பொய்யன் என்று துரத்துமுன் மெம்டெஸ்டை ஓர் இரவு ஓடவிடுங்கள். (லினக்ஸின் அந்த வழக்கம் வேறொரு வீண் பயத்தையும் உண்டாக்குகிறது. நினைவகம் முழுவதும் நிரம்பிவிட்டதாகக் காட்டுகிறதே என்று அஞ்சுகிறவர்கள், ‘ஃப்ரீ’ என்ற கட்டளை தரும் அட்டவணையில் கடைசியாக உள்ள, எவ்வளவு கிடைக்கும் என்று சொல்லும் நிரலைப் பார்க்கவேண்டும்.)

திரும்பவும் அந்த மாணவனின் மடிகணினிக்கு வருகிறேன். விண்டோஸின் பணி மேலாளரில் நினைவகப் பக்கத்தைத் திறந்தோம்: 4 ஜிபி, இரண்டு ஸ்லொட்டுகளில் ஒன்றே நிரம்பியிருந்தது. அவன் வழமையாகச் செய்யும் வேலைகளை எல்லாம் ஒன்றாகத் திறந்தபோது நினைவகம் நிரம்பி, விண்டோஸ் எஞ்சியதை வன்தட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தது. ஆகவே நினைவகம் போதாது என்று கடையில் சொன்னது பொய்யல்ல. எவ்வளவு என்பதில்தான் பிழை. அவனுக்கு இன்னொரு 4 ஜிபி போதும், மொத்தம் 8. பழையதைக் கழற்றவும் வேண்டியதில்லை. ஏறக்குறைய ஒரே அளவான இரண்டு தட்டுகள் ஒன்றாக இருந்தால் செயலி இரண்டு வழியாலும் ஒரே நேரத்தில் எடுக்கலாம் என்ற இலாபமும் உண்டு. வேகம் வேறுபட்டால் இரண்டும் குறைந்த வேகத்துக்கே இறங்கும், அவ்வளவுதான்.

வகையைத்தான் பிழைவிடக்கூடாது. அவனுடையது டிடிஆர்3எல், 1.35 வோல்ட். சாதாரண டிடிஆர்3 1.5 வோல்ட், இரண்டுக்கும் 204 ஊசிகள், வெட்டும் ஒரே இடத்தில், கையில் எடுத்தால் வித்தியாசமே தெரியாது, ஆனால் குறைந்த மின்னழுத்தத்துக்கென்றே செய்த மடிகணினிகள் மற்றதை ஏற்று இயங்கா. பழைய தட்டின் ஒட்டுத்தாளை ஒரு படம் எடுத்துக்கொண்டு போனால் இந்தப் பிழை வராது. மெல்லிய மடிகணினிகள் சிலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு சேர்த்தே பற்றவைக்கப்பட்டிருக்கும். மேலதிக ஸ்லொட்டும் இல்லாவிட்டால் அவற்றுக்கு எந்தக் கடையாலும் ஒன்றும் செய்ய இயலாது.

தட்டு வந்ததும் திருகாணிகளை அவனே கழற்றினான். அதற்கு முன் நான் வற்புறுத்திய ஒரு காரியத்தை இரண்டு முறைமை வைத்திருப்பவர்கள் அனைவரும் கவனிக்கவேண்டும். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், ‘மூடு’ என்று அழுத்தினாலும் விண்டோஸ் முழுவதாக மூடுவதில்லை. தன் உட்பகுதியை நினைவகத்திலிருந்து வன்தட்டில் ஒரு கோப்பாக எழுதிவைத்துவிட்டு, மறுநாள் அதை எடுத்து விரைவாகத் தொடங்குகிறது. நினைவகத்தில் உள்ள எல்லாவற்றையும் வன்தட்டில் எழுதிவிட்டு அணையும் உறக்கநிலையின் பாதி என்று இதனைச் சொல்லலாம். அந்த நிலையில் நினைவகத்தை மாற்றினால், எழுதிவைத்த கோப்பு பழைய நினைவகத்துக்கு உரியதாகவும், அதைத் திறக்கும் கணினி புதிய நினைவகத்துடனும் இருக்கும். லினக்ஸில் தொடங்கினாலும், தூங்கும் விண்டோஸின் பகுதியை அது வாசிக்க மட்டுமே தரும், எழுத விடாது. பலவந்தமாக எழுதினால் கோப்புகள் சிதையலாம். ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி மூடினால் விண்டோஸ் உண்மையாகவே மூடும். அதன் பின்னரே மின்கலத்தைக் கழற்றினோம்.

பழைய தட்டின் தங்கநிறத் தொடுமுனைகள் மங்கிக் கறுத்திருந்தன. கடலை மூன்று பக்கமும் வைத்துக்கொண்டு இருக்கும் எமது ஊரில் இது புதினமல்ல. உப்புக் காற்றில் வீட்டு யன்னல் கொளுக்கியே வருடத்தில் துருப்பிடிக்கும்போது கணினி மட்டும் எப்படித் தப்பும்? புதிய வெள்ளை அழிறப்பரால் மெதுவாக ஒரே திசையில் தேய்த்து, தூளைத் தூரிகையால் தட்டிவிட்டான். நினைவகம் பழுது என்று எறியப்படுபவற்றில் சில இந்த ஓர் அழிறப்பருக்கே உயிர்பெறும் என்பது என் அனுபவம்.

அதன் பின்னர்தான், பெரிய நினைவகம் வன்தட்டில் கேட்கும் கூலி தெரியவந்தது. அவனிடம் வன்தட்டாக இருப்பது 120 ஜிபி எஸ்எஸ்டி. அதிலும் விண்டோஸுக்கு 55 மட்டுமே, எஞ்சியிருந்த இடம் 3 ஜிபியும் இல்லை. விண்டோஸ் 10 தன் உறக்கநிலைக் கோப்புக்கு வழமையாக நினைவகத்தின் 40 சதவீத அளவு இடத்தைப் பிடித்துவைக்கும். 4 ஜிபிக்கு 1.6, 8 ஜிபிக்கு 3.2. கடைக்காரர் எழுதிய 16 ஜிபியைப் போட்டிருந்தால் 6.4, அதாவது முன்னைவிட 4.8 ஜிபி மேலதிகமாகத் தேவைப்பட்டிருக்கும். அந்த இடம் அங்கே இல்லவே இல்லை. கணினியை வேகமாக்க வாங்கிய பொருளால் வன்தட்டு நிரம்பி, இற்றைப்படுத்தல்கூட இறங்காமல் நின்றிருக்கும். இரண்டு முறைமை உள்ள கணினியில் பிரிபடுவது வன்தட்டுத்தான் என்று மேலே சொன்னதன் பொருள் இங்கே விளங்கும். நாங்கள் விண்டோஸில் உறக்கநிலையை முற்றாக நிறுத்தினோம்: கோப்பும் மறைந்தது, அதோடு அந்த அரைகுறை மூடலும் ஒழிந்தது. லினக்ஸில் உறக்கநிலையை அமைத்துப் பயன்படுத்துகிறவர்கள், நினைவகம் கூடியபின் நினைவகத்தில் உள்ளதை எழுதிவைக்க வன்தட்டில் ஒதுக்கிய பழைய 2 ஜிபி இடமாற்றுப் பகுதி போதாமல் போகலாம் என்பதை மட்டும் நினைவில் வைத்திருந்தால் சரி.

இறுதியாக, கணினிக் கடைக்காரர்களிடம் இரண்டு வேண்டுகோள்கள். எனக்குப் பழுதான தட்டை விற்ற கடையினர், சிவப்பு வரிகளின் படத்தைக் காட்டியதும் மறுபேச்சின்றி மாற்றித் தந்தார்கள் என்பதை நன்றியுடன் குறிப்பிடுகிறேன். ஆனால் அதற்குமுன் அரைமணி நேரம் வாதாடவேண்டியிருந்தது, ஏனெனில் அவர்கள் தந்த பற்றுச்சீட்டில் ‘றாம் 1’ என்பதைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. வகை, அளவு, வேகம், தட்டில் உள்ள தொடரிலக்கம், புதியதா பாவித்ததா என்ற விபரம், உத்தரவாதக் காலம் ஆகியவற்றைப் பற்றுச்சீட்டில் எழுதுங்கள். கழற்றிய தட்டை, கேட்காவிட்டாலும், உரியவரின் கையில் கொடுங்கள். பாவித்த தட்டாயின் ஓர் இரவு சோதித்துவிட்டு விற்பதற்குச் செலவாகும் மின்சாரம் மிகச் சொற்பம்.

அந்தத் தாய் கொண்டுவந்த கடதாசித் துண்டு இன்னும் என் மேசையில் இருக்கிறது. அதன் பின்புறத்தில் அவருடைய மகன் தானே எழுதிக்கொண்டுபோய் வாங்கிய பொருளின் விபரம்: ‘டிடிஆர்3எல், 4 ஜிபி, 1600, மடிகணினிக்கு, ஒன்று.’

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
உவர்மலை,
திருகோணமலை.